ஆறு சக்கர வீடு

அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிக்காலம் நெருங்கியதும் ஒரு பெருங்கூட்டம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெற்கே புறப்பட்டுவிடும் என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, குளியலறை எல்லாம் அமைந்திருக்கும். அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். கோடையில் அது வெறிச்சோடிக் கிடக்கும். குளிர்காலம் வந்துவிட்டாலோ சுற்றியுள்ள பாலைவனம் முழுவதும் இத்தகைய வண்டிகளாக நிற்கும். பனிக்கு அஞ்சித் தெற்கே வரும் இவர்களைப் 'பனிப் பறவைகள்' என்றே அங்கே அழைக்கிறார்கள். நம் பக்கத்துப் பழவேற்காட்டு ஏரிக்குக் குளிர்காலத்தில் வந்து இறங்கும் பூநாரைகளை நினைத்துக்கொள்ளுங்கள், பொருத்தமான பெயர்தான். இந்தியாவிலும் இந்த ஆசை முளைத்துவிட்டது. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் வண்டி வீட்டுச் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது.

விடுதியில் என் அறைத்தோழி இந்த வண்டிகளின் படங்களைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு மார்கழியாவது வாழ்ந்து பார்க்க வேண்டும்" என்று ஏங்கினாள். நான் பதில் சொல்லவில்லை. ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை என் மார்கழிகள் எல்லாம் வண்டியிலேயே கழிந்தவை. அதன் பிறகும் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அந்த வண்டியில்தான் இருந்தேன். அவளிடம் ஒரு மாலையில் சொல்லி முடிக்கக்கூடிய கதை அன்று அது. ஆகவே சங்க மலருக்கே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

என் அப்பா திருவிழாக் கடைக்காரர். வளையல், பொட்டு, மஞ்சள், குங்குமம் விற்பவர். போளூருக்கு அருகே ஒரு சிற்றூர் எங்கள் பூர்விகம். நான் சிறு குழந்தையாக இருந்தபோது குடும்பம் திருச்சானூருக்கு வந்து சேர்ந்தது. பத்மாவதித் தாயாரைச் சேவிக்க வரும் பெண்கள் வளையல் போட்டுக்கொள்ளாமல் திரும்ப மாட்டார்கள் என்று யாரோ அப்பாவிடம் சொன்னார்களாம். அது மெய்தான். ஆனால் கோயில் வீதியில் நிலையான கடைக்கு வாடகை கொடுக்க எங்களால் ஆகவில்லை. எனவே அப்பா ஒரு பழைய டாடா 407 வண்டி வாங்கினார். முன்னால் இரண்டு, பின்னால் இரட்டையாக நான்கு, ஆக ஆறு சக்கரம். கூண்டின் உள்ளே இரு பக்கமும் மரச்சட்டம் அடித்து, கீழே சரக்குப் பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை பரப்பினார்கள். பலகையின்மேல் பாய் விரித்தால் படுக்கை. பாயைச் சுருட்டிவிட்டால் கடையின் கிடங்கு. அப்பா, அம்மா, நான், தம்பி, மாமா ஆகிய ஐவருக்கும் அதுவே கார்த்திகை முதல் மாசி வரை வீடு.

பயணத்தின் கணக்கைப் பஞ்சாங்கமே போட்டுக் கொடுத்துவிடும். திருச்சானூர்ப் பிரம்மோற்சவம் ஒன்பது நாள். கடைசி நாள் பஞ்சமி தீர்த்தம். அன்று திருமலையிலிருந்து யானைமேல் புடவையும் மஞ்சளும் குங்குமமும் தாயாருக்கு வரும். பத்ம சரோவரத்தில் மூழ்கி எழ லட்சக்கணக்கானவர் கூடுவார்கள். அது வளர்பிறைப் பஞ்சமி. திருவண்ணாமலைத் தீபமோ பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில் தாயார் உற்சவம் முடிந்த எட்டு, பத்து நாளில் அங்கே தீபம். இங்கே கடை பிரிக்கும்போது அங்கே கொடி ஏறியிருக்கும். பஞ்சமி தீர்த்தத்தன்று இரவே சாமான்களைக் கட்டிவிடுவோம். சித்தூர், காட்பாடி, வேலூர், போளூர் வழியாக விடிவதற்குள் அண்ணாமலையார் ஊருக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம். பகல் பத்து, இராப்பத்து இரண்டுமாக மூன்று வாரம் வியாபாரம் நடக்கும் ஊர் அது. தைப்பூசத்துக்கு வடலூர். கடைசியாக மகா சிவராத்திரிக்குக் காளத்தி. திருச்சானூரைத் தொட்டு ஓடும் அதே சுவர்ணமுகி ஆற்றின் கரையில்தான் காளத்தியும் இருக்கிறது. எந்த ஆற்றங்கரையிலிருந்து கிளம்பினோமோ அந்த ஆற்றங்கரைக்கே வந்து சேருவோம். சந்திரன் வைத்த அட்டவணை என்பதால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது.

வண்டி ஓடும்போது அம்மாவும் நாங்கள் இருவரும் ஓட்டுநர் பக்கத்தில் நெருக்கி உட்காருவோம். மாமாவுக்கு இடம் இராது. அவர் பஸ்ஸில் வந்து சேருவார். சரக்கோடு சரக்காகப் பின்னால் ஆள் ஏறக் கூடாது என்பதில் அப்பா கண்டிப்பானவர். மாநில எல்லையில் கிறிஸ்தியான்பேட்டைச் சாவடி வந்தால் எங்களுக்கு ஒரு பயம். பெட்டிகளைப் பிரித்துக் காட்டச் சொன்னால் வைக்கோலிலிருந்து வளையலை எடுத்து மறுபடி அடுக்க ஒரு மணி நேரம் ஆகும். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் வரிச் சாவடிகள் எடுபட்டன. கண்ணாடி வளையலுக்கும் குங்குமத்துக்கும் அந்த வரி கிடையாது என்று அறிந்த அன்று அப்பா எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார். எனக்குத் தெரிந்து அரசாங்கச் செய்தி ஒன்றுக்காக எங்கள் வீட்டில் இனிப்பு வந்தது அந்த ஒரு முறைதான்.

வளையல்கள் உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்திலிருந்து வருகின்றன. அளவைச் சொல்லும் முறை வேடிக்கையானது. 'இரண்டு நாலு' என்றால் 2 அங்குலமும் 16-இல் 4 பங்கும். அதாவது 2¼ அங்குலம் விட்டம். 'இரண்டு ஆறு' என்றால் 2⅜. பள்ளியில் பின்னக் கணக்கு வருவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். ஒரு பெண்ணின் கையைப் பார்த்த மாத்திரத்தில் அளவைச் சொல்லிவிடும் வித்தை அம்மாவுடையது. இரண்டு மொழியில் சொல்லுவார். திருச்சானூரில் 'காஜுலு', வேலூர் தாண்டினால் 'வளையல்'. எங்களுக்கும் அப்படித்தான் இரண்டு பெயர். திருச்சானூரில் நாங்கள் 'அரவம்' பேசுகிறவர்கள். ஸ்ரீரங்கத்தில் பக்கத்துக் கடைக்காரருக்கு நாங்கள் 'திருப்பதிக்காரர்'. இரண்டிலும் குற்றம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. விலை கேட்டு வந்தவர்கள் எந்தப் பெயரால் அழைத்தால் என்ன?

நான் பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்தை வண்டியில்தான் கற்றேன். முன்னால் போகும் பஸ்ஸின் ஊர்ப்பலகை, சுவரொட்டி, திருவிழா நன்கொடைப் பட்டியல் ஆகியவையே என் பாடப் புத்தகம். வேலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அப்பா ஒரு கட்டு 'அம்புலிமாமா' வாங்கித் தந்தார். 1947-இல் தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' என்று ஒரே நிலையத்திலிருந்து வந்த இரட்டைப் பத்திரிகை அல்லவா! கதையும் படமும் ஒன்றுபோலவே இருக்கும். தெரிந்த தெலுங்குக் கதையை வைத்துக்கொண்டு தெரியாத தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தக் கட்டுரையில் தமிழ் நன்றாக இருக்குமானால் அந்தப் பெருமை விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையுமே சேரும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த வாழ்க்கையை ஓயாத உல்லாசம் என்று எண்ணுவார்கள். ஒரு பங்கு உல்லாசம் உண்டு; நான் மறுக்கவில்லை. தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் சுடர் தெரியும்போது, வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரே நேரத்தில் குவியும். எட்டு நிமிஷம், பத்து நிமிஷம் யாரும் விலை கேட்க மாட்டார்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பூசத்துக்கு முன்னும் பின்னும் எங்கள் மண்ணெண்ணெய் அடுப்புக்கு நான்கு நாள் ஓய்வு. அந்தச் சாம்பார் சாதத்தின் ருசியை எந்த விடுதிச் சமையற்காரரும் எட்டிப் பிடித்ததில்லை. நம் விடுதிச் சமையற்காரர் இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம்.

ஆனால் கார்த்திகை என்பது நம் பக்கத்தில் அடைமழைக் காலம். அரிசோனாக்காரருக்குக் குளிர்காலத்தில் வெயில் கிடைக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது சேறு. ஊருக்கு வெளியே வண்டிகளுக்கு ஒதுக்கிய வெளியில்தான் நிறுத்தச் சொல்வார்கள். அங்கிருந்து கடை போட்ட இடத்துக்குச் சரக்கைத் தலையில் சுமந்து போக வேண்டும். மார்கழியில் மழை நின்றால் வேறொரு மழை தொடங்கும். விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியின் கூரை உள்ளே சொட்டும். வானத்தில் ஒரு மேகம் இராது. ஆனால் பாய் நனைந்திருக்கும். கூரையில் ஓட்டை என்று மாமா இரண்டு முறை தார் பூசினார். சொட்டுவது நிற்கவில்லை.

இதன் காரணம் வகுப்பறையில்தான் எனக்கு விளங்கியது. தூங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். ஐந்து பேருக்கு ஒன்றேகால் லிட்டர். மேகமில்லாத இரவில் தகரக் கூரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசி, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. எங்கள் மூச்சு அதில் பட்டு நீராகி எங்கள்மேலேயே விழுகிறது. புல்லின்மேல் பனித்துளி சேர்வதும் இதே விதிப்படிதான். 1814-இல் வெல்ஸ் என்ற மருத்துவர் இரவில் கம்பளித் துணுக்குகளைத் தோட்டத்தில் பரப்பி, பிறகு நிறுத்துப் பார்த்து இதை நிறுவினார். அப்பா வெல்ஸைப் படித்தவர் அல்லர். தார் பூசிப் பயனில்லை என்று கண்டதும் கூரையின் அடியில் கோணிச் சாக்குகளை வரிசையாகத் தைத்துத் தொங்கவிட்டார். பின்கதவை இரண்டு விரற்கடை திறந்து கட்டினார். சொட்டு நின்றது. குளிர் சற்று ஏறியது. "எது வேணும், ஈரமா குளிரா?" என்று கேட்டார். நாங்கள் குளிரையே தேர்ந்தெடுத்தோம்.

அந்த இரண்டு விரற்கடை எங்கள் உயிருக்கும் காவல் என்பது பிறகுதான் தெரிந்தது. மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். ஒரு மார்கழியில் ஸ்ரீரங்கத்தில், எங்கள் வண்டிக்கு அடுத்த வண்டியில் பொரி வியாபாரக் குடும்பம் ஒன்று குளிர் தாங்காமல் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டது. நடு இரவில் அவர்களுடைய பாட்டி தலைவலி பொறுக்காமல் எழுந்து கதவைத் தள்ளியிராவிட்டால் நான்கு பேர் விடியலைக் கண்டிருக்க மாட்டார்கள். சின்னப் பெண் நினைவின்றிக் கிடந்தாள். வெளியே ஆற்றுக்காற்றில் கிடத்தி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள். அடுப்பு என்றால் தரையில், வண்டிக்கு வெளியே என்பது அன்று முதல் அந்த மைதானம் முழுவதற்கும் சட்டமாயிற்று.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அம்மா ஒரு முடிவு செய்தார். ஆந்திரத்தில் உயர்கல்விக்கு 'உள்ளூர் மாணவர்' என்ற தகுதி வேண்டும். 1974-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி, தகுதித் தேர்வு முடிய நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அந்தப் பகுதியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். பாதி இடங்களுக்கு மேல் உள்ளூர் மாணவர்க்கே. எங்களைப் போல இடம் பெயர்ந்து வந்தவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுச் சான்றுதான் ஊர், அதுதான் பிறப்பு. வருகைப் பதிவு குறைந்தால் எல்லாம் போயிற்று. "இனி நீங்களும் என் தம்பியும் போங்க. நான் பிள்ளைங்களோட இருக்கிறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மா சுவர்ணமுகிப் பக்கம் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தார். வாசற்படியும் சமையல் மேடையும், தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையும் அதில் இருந்தன. குடி புகுந்த அன்று அம்மா அந்த வாசலில் போட்ட கோலம் நான்கு வீட்டு அகலம். சேர்த்துவைத்த ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

2020-இல் கொரோனா. தாயார் உற்சவம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. திருவண்ணாமலையில் தீபத்துக்கு வெளியூர்க் கூட்டம் அனுமதிக்கப்படவில்லை. வாங்கி வைத்த வளையல் பெட்டிகள் அறை முழுவதும் கூரையைத் தொட நின்றன. அவற்றின் நடுவே நாங்கள் தூங்கினோம். அடுத்த ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் திருப்பதியில் பெய்த மழையை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுவர்ணமுகி கரை மீறியது. இரவு எட்டு மணிக்கு வாசலில் இருந்த நீர் பத்து மணிக்கு முழங்கால் அளவு ஏறியது. அப்பா வண்டியை மாலையிலேயே மேட்டுச் சாலையில் நிறுத்தியிருந்தார். தம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாமா முன்னே போக, பள்ளிச் சான்றுகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் பின்னே நடந்தோம். மறுபடி ஆறு சக்கர வீடு. பதினோரு நாள் அதிலேயே இருந்தோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளும் எங்களோடு பலகையில் படுத்தார்கள்.

வெள்ளம் வடிந்தபின் பெட்டிகளைப் பார்த்தோம். கண்ணாடிக்கு நீர் ஒன்றும் செய்யாது. ஆனால் அட்டைப் பெட்டிகள் கூழாகிவிட்டன. ஜிகினாப் பூச்சு உள்ளவை வெளிறிப் போயின. எல்லா அளவும் எல்லா நிறமும் ஒரே சேற்றில் கலந்து கிடந்தன. வாளி வாளியாகக் கழுவி, வண்டிக் கூரையின்மேல் கோணி விரித்துக் காயவைத்து, அளவு பார்த்துப் பிரித்தோம். ஆறு நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்ந்து பச்சையைத் தனியே, சிவப்பைத் தனியே பிரித்துக் கொடுத்தார். சரக்கில் மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. மிச்சத்தை அடுத்த சிவராத்திரிக்குக் காளத்தியில் விற்றுத்தான் என் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டினோம். அந்த மழைக்குப் பிறகு அம்மா அறையில் தனியே இருக்கச் சம்மதிக்கவில்லை. நான் விடுதிக்குப் போன பின்னர் மறுபடி வண்டியில் ஏறிவிட்டார்.

இப்போது இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். இதை மாணவர் மலரில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விடுவது சரியல்ல என்றே படுகிறது.

குவார்ட்ஸைட் வண்டிகளில் இருப்பவற்றில் எங்கள் வண்டியில் இல்லாதது குளிர்பதனப் பெட்டி அன்று, மெத்தை அன்று, கழிப்பறை. திருவிழா ஊர்களில் கட்டணக் கழிப்பறைகள் உண்டு. கூட்டம் நிறைந்த நாளில் வரிசை ஒரு மணி நேரம். இரவில் அவை மைதானத்திலிருந்து வெகுதூரம். ஆண்களுக்கு இருட்டும் ஆற்றங்கரையும் போதும். பெண்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? மாலை நான்கு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை. அம்மா சொல்லிக் கொடுத்து எனக்கு வந்த பழக்கம் இது. பக்கத்து வண்டி அக்காமாரும் பொரிக்காரப் பாட்டியும் கடைப்பிடித்தது இதையே. நாள் முழுவதும் கூவி விற்கும் தொண்டைக்கு மாலைக்குமேல் ஒரு மடக்கு நீர் கிடையாது. யாரும் இதைப்பற்றிப் பேசுவதில்லை. பேசாமலே எல்லாருக்கும் தெரிந்த நியதி.

சென்ற மார்கழியில் இராப்பத்து நடக்கும்போது அம்மாவுக்குக் குளிர்ஜுரம். முதுகின் ஒரு பக்கம் தாங்க முடியாத வலி. சிறுநீர்ப்பையில் தொடங்கிய தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார் மருத்துவர். ஐந்து நாள் ஊசி. நான் பரிசோதனைக்கூட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இரவு பஸ் பிடித்துப் போனேன். "நிறையத் தண்ணீர் குடியுங்கள், அவ்வளவுதான்" என்று மருத்துவர் சொன்னபோது அம்மா சிரித்தார். அவர் நல்ல மருத்துவர். அந்தச் சிரிப்பின் பொருள் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

காளத்தி முடிந்து வண்டி திருச்சானூர் திரும்பியதும் வீட்டில் பேச்சு எழுந்தது. வண்டிக்கு வயதாகிவிட்டது. 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்துவிட்டது. அதுவும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். "பழைய இரும்புக்குப் போட்டுடலாமா? நீ படிச்சவ, சொல்லு பாப்பா" என்று அப்பா என்னைக் கேட்டார். வண்டியை விற்றால் கோயில் வீதியில் கடை பிடிக்கப் பணம் போதாது. பிறர் கடையில் அப்பா கூலிக்கு நிற்க வேண்டும். விற்காவிட்டால் அம்மா மறுபடி தண்ணீரை நிறுத்துவார். இரண்டில் ஒன்றுக்குத் தலையசைக்க என்னால் முடியவில்லை. ஒரு தாளை எடுத்து வண்டியின் உள்ளமைப்பை வரைந்தேன். பின்கதவின் இடப்பக்க மூலையில் மூன்றடிக்கு மூன்றடி. ஓர் இருக்கை, அதன் அடியில் தனியே கழற்றி எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவக்கூடிய மூடிபோட்ட தொட்டி. கூரைக்கு மேலே ஒரு குழாய். அதற்குக் கறுப்பு வர்ணம் பூசினால் வெயிலில் சூடேறி உள்ளிருக்கும் காற்றைத் தானே மேலே இழுக்கும். குழாயின் வாயில் ஈ நுழையாத வலை. ஜிம்பாப்வே நாட்டுக் கிராமக் கழிப்பறைகளில் அரை நூற்றாண்டாகக் கையாளும் முறைதான்; என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

அப்பா தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரல்விட்டு எண்ணினார்.

"பன்னிரண்டு பெட்டி இடம் போகும்" என்றார்.

மாமா, "இரண்டு எட்டு அளவு எப்பவும் மிச்சந்தானே மாமா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"பன்னிரண்டு பெட்டின்னா ஸ்ரீரங்கத்துல மூணு நாள் வியாபாரம்டா."

அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்தபடி வந்து அப்பாவின் எதிரே நின்றார். "ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் கிடந்தேனே, அது எத்தனை பெட்டிங்க?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. விலை கேட்கும் பெண்ணுக்கு அளவு சொல்லும் அதே குரல். அப்பா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தச்சரைப் பார்த்து வருகிறேன் என்று எழுந்தார்.

ரேணிகுண்டா சாலையில் ஒரு பட்டறையில் இப்போது வேலை நடந்துகொண்டிருக்கிறது. கார்த்திகைக்குள் முடிந்துவிடும் என்று தச்சர் வாக்குக் கொடுத்திருக்கிறார். தச்சர் வாக்கை எவ்வளவு நம்பலாம் என்பது நண்பர்கள் அறிந்ததே. போன ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பலகையைத் தட்டிப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கதவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு தச்சரிடம், தாழ்ப்பாளை வெளிப்பக்கம் அடித்திருக்கிறீர்களே, உட்பக்கம் அல்லவா வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் போட்டுத் தருகிறேன் என்றார் தச்சர். வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்லி, அதைக் கழற்றும்வரை அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.